கியர்பெட்டி ஆவியின் கண்ணீர்

அன்று வாசலில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். வீட்டுத் தலைவரான பெரியவர், அவர் மனைவி, ஜீப் ஓட்டும் ஒரே மகன், அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புது மருமகள், பக்கத்துத் தெரு வேன்காரர், ஆவியடக்கி, ஆவியடக்கியின் கூடை. கூடையைச் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. அது காணிக்கையால் நிறையாமல் எந்த ஆவியும் இதுவரை இறங்கியதில்லை. இவர்களைத் தவிர மதில்மேல் உட்கார்ந்தும் கேட்டைப் பிடித்துத் தொங்கியும் பாதி ஊர்.

ஆவியடக்கியைச் சாதாரண ஆளாக எண்ண வேண்டாம். மனிதர்மேல் ஏறிய ஆவியை ஓட்டுவது பழைய தொழில். அதில் போட்டி அதிகம். இவர் வண்டிமேல் ஏறிய ஆவியை ஓட்டுபவர். ஆவிகளும் நடப்பதை விட்டுவிட்டன போலும்.

பெரியவரின் ஜீப் கல் நிறைந்த மலைப்பாதையில் ஆளும் சாமானும் ஏற்றிச் செல்வது. அது அடுத்தவன் பட்டறை வாசலை மிதித்ததில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. பானெட்டை யாராவது திறந்தால் தன் சட்டையையே அவிழ்த்துவிட்டதுபோல் பதறுவார். அப்படிப்பட்ட வண்டியில் கொஞ்ச நாளாகக் கியர் விழவில்லை. தள்ளினால் கரகரவென்று கத்தியது. ஒருநாள் மகன் கிளட்ச் மிதியை அடிவரை மிதித்துக் கியரைத் திணித்தான். மிதித்த கால் மிதித்தபடி இருக்க, ஜீப் தானாகப் பாய்ந்து கேட்டுத் தூணைச் சாய்த்தது. அந்த நேரம் பார்த்துத் தூணருகே நின்றிருந்தவள் மருமகள்.

பட்டறைக்கு எடுத்துப் போனால் குடும்ப கௌரவம் போய்விடும். மந்திரவாதி வீடு தேடி வந்தால் போகாது. இந்தக் கணக்கைப் பெரியவர்தான் போட்டார். ஆவியடக்கி வந்தார். பானெட்டைத் திறந்து, கறுப்புத் துணியைப் போர்த்தி, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு முணுமுணுத்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, “அமுக்கு! இடது காலால ஆவி தலையை அமுக்கு! விடாதே, மிதி, மிதி!” என்று கூவினார். மகன் மிதித்து மிதித்துத் தொடை வலியில் துடித்தான். கியர் விழுந்தது! கூட்டம் ஆர்ப்பரித்தது. கூடை நிறைந்தது. சில நாளில் மறுபடியும் கரகர. மறுபடியும் கூடை.

இன்று மூன்றாவது வருகை.

“சாமி, அது எங்கதான் உட்கார்ந்திருக்கு?” என்று கேட்டார் வேன்காரர்.

“கியர்பெட்டிக்குள்ள, பல்லுக்கு நடுவுல. கம்பைத் தள்ளினா எதிர்த்துத் தள்ளுது பார்த்தீங்களா? அழுதுகூட இருக்கு!” கிளட்ச் மிதியின் மேல் வழிந்திருந்த ஈரத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். “ஆவியோட கண்ணீர். நெத்தியில வச்சுக்குங்க, கெட்டது அண்டாது.”

முதலில் வைத்துக்கொண்டவர் பெரியவர். தலைவர் என்றால் எதிலும் முதலில் நிற்க வேண்டுமல்லவா? நெற்றி சற்று எரிந்தது. அருள் என்று பொறுத்துக்கொண்டார்.

பிறகு ஆவியடக்கி குரலைத் தாழ்த்தினார். “பெரியவரே, ஆவி ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. புதுசா வந்த பொண்ணு கால் சரியில்ல. அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க. வண்டி சிட்டா பறக்கும்.”

மகன் தலை குனிந்தான். மாமியார், “அன்னைக்குத் தூண் பக்கத்துல அவதானே நின்னா?” என்று இழுத்தாள்.

மருமகள் மாமனாரை நேராகப் பார்த்தாள். “மாமா, அனுப்பறதுக்கு முன்னால வண்டியை நான் ஒருதடவை பார்க்கலாமா? எங்க வீட்டு ஜீப்பை நான்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன்.”

“நீ உள்ள போ!” என்றாள் மாமியார்.

“இரு,” என்றார் பெரியவர். இந்த வீட்டுக்கு வந்த பெண் எவளும் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. அந்தப் பெருமை ஜீப்பின் பெருமையைவிடப் பெரியது. “அனுப்பறதா இருந்தா காரணம் கெட்டியா இருக்கணும். நாளைக்குச் சம்பந்தி முகத்துல முழிக்கப் போறவன் நான். பாரும்மா.”

அவள் ஏறி உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ். எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன.

“ஆவி எங்க சாமி?”

“தூங்குதும்மா. இன்ஜின் சத்தத்துலதான் முழிக்கும்.”

“அப்போ பெட்டிக்குள்ள அடைப்பு எதுவும் இல்ல. இன்ஜின் சுத்தறப்ப மட்டும்தான் தகராறு. மிதிச்சாலும் கிளட்ச் விடல. அதனாலதான் அன்னைக்குத் தானா பாஞ்சுது.” இன்ஜினை ஓடவிட்டாள். “இப்ப நீங்க ஓதுங்க. மிதியை ஒரே ஒருதடவை மிதிச்சுப் பிடிச்சுக்கறேன்.”

ஆவியடக்கி ஓதினார். வியர்க்க வியர்க்க ஓதினார். குரல் ஏறியது. கியர் ஏறவில்லை. கரகர என்ற சத்தம் மந்திரத்தையே அமுக்கிவிட்டது.

“போதும். இப்ப நீங்க வாயை மூடிக்குங்க.”

மிதியை விட்டு விட்டுப் பலமுறை வேகமாக மிதித்தாள். கியர் விழுந்தது. ஆவிக்கு மந்திரம் புரியவில்லை. மிதி மட்டும்தான் புரிந்தது.

“இது கண்ணீர் இல்ல மாமா,” என்றாள். “மிதிச்சா கிளட்சைத் தள்ளிவிடற எண்ணெய். மிதிக்குப் பின்னால இருக்கற உருளையில ரப்பர் தேஞ்சு ஒழுகுது. எண்ணெய் குறைஞ்சு காத்து புகுந்துட்டா ஒரு மிதி பத்தாது. அடிச்சு அடிச்சு மிதிச்சா கொஞ்ச நேரம் வேலை செய்யும். கீழ பாருங்க, பட்ட இடத்துல பெயின்டே உரிஞ்சிருக்கு.”

பெரியவரின் கை தானாக நெற்றிக்குப் போனது.

“சரிம்மா, பூசை போட்டா சில நாள் நல்லா ஓடுச்சே, அது எப்படி?” என்று கேட்டார் வேன்காரர்.

“அதைக் கறுப்புத் துணிகிட்டதான் கேட்கணும்.”

வேன்காரர் கூடையைக் கவிழ்த்தார். உள்ளே இருந்த கறுப்புத் துணிக்கடியிலிருந்து ஒரு புட்டி உருண்டது. அவர் திறந்து முகர்ந்தார். பிறகு மிதியை முகர்ந்தார். இரண்டும் ஒரே வாடை. பானெட்டுக்கு அடியில் இருந்த கிளட்ச் எண்ணெய் டப்பாவிலும் அதே வாடை.

“ஏன்யா, ஆவி அழறதுக்கு முன்னாலயே கண்ணீரைப் புட்டியில அடைச்சு வச்சிருக்கியா? என் வேனுக்கும் இதைத்தானே ஊத்தினே? அது என் மச்சினிச்சி கண்ணு பட்டதாலன்னு சொல்லி, அவ வீட்டுப் பக்கமே நாங்க போறதில்லையேடா!”

ஆவியடக்கி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். அவரை அடக்க யாரும் ஓத வேண்டியிருக்கவில்லை. வேன்காரர் துரத்தியதே போதுமானதாக இருந்தது.

பெரியவர் நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். சிவந்த தடம் மட்டும் போகவில்லை. முதுகு வளையாமல் நின்று, எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னார்: “மருமகளே, வண்டியைப் பட்டறைக்கு எடும்மா. நானும் வரேன்.” முன்சீட்டில் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பெரியவர் பட்டறைக்குப் போவதைப் பார்க்கத்தான், ஆவியைப் பார்க்க வந்ததைவிடக் கூட்டம் அதிகம்.

பட்டறையில் ரப்பரை மாற்றி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார்கள். அதன் பிறகு கியர் கத்தவில்லை.

ஊரில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. ஆவியடக்கியைவிடப் பெரிய மந்திரம் அந்த வீட்டு மருமகளுக்குத் தெரியுமாம். அதனால்தான் ஆவி அவளுக்குப் பயந்து ஓடியதாம். சிலர் தங்கள் வண்டிகளோடு அவளைத் தேடியும் வருகிறார்கள். அந்தப் பேச்சு சுத்தப் பொய். அவளுக்கு மந்திரம் எதுவும் தெரியாது. ஆவி ஓடவில்லை, ஓடுவதற்கு இருந்தால்தானே? ஓடியது எண்ணெய். அவள் செய்ததெல்லாம் பார்த்ததும் யோசித்ததும்தான். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நெற்றி எரியாது.