ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர்

மதிப்புமிக்க ஆசிரியர் அவர்களுக்கு, உங்கள் பத்திரிகையில் பாதி ஆயுசைக் கழித்த பழைய நிருபன் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும் அச்சு இயந்திரமும் நலம் என்று நம்புகிறேன்.

என் தொழில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஒரு முழுப் பக்கம் எழுதச் சொன்னீர்கள். அந்தப் பக்கத்துக்கு ஏதாவது விளம்பரம் பிடித்துப் போட்டுவிடுங்கள். திரும்பிப் பார்த்தேன், தலை சுற்றிவிட்டது.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லாமல் ஒரு வரி எழுதமாட்டேன். மேம்பாலச் செய்தியும் அப்படித்தான். சோதனைக்குப் போன கான்கிரீட், பாலத்தில் போட்டதே இல்லை, தனியாகக் குழைத்து அனுப்பியது என்று பாலத்து இன்ஜினியர் சொன்னார். சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த பெண்ணும் அதையே சொன்னார். எழுதினேன், பாலத்தை மூடினார்கள், அடுத்த மழையில் அது பட்டப்பகலில் இடிந்து விழுந்தபோது அதன்மேல் ஈ காக்கா இல்லை. அவர்கள் இருவருக்கும் வேலை போனது, எனக்கு விருது வந்தது. இன்றைக்கும் நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருத்தன் கதவைத் தட்டுகிறான், அவனை நம்பி, நாளைய பிழைப்பைப் பற்றி யோசிக்காமல் உண்மையைச் சொல்கிறார்கள். நான் செய்ததெல்லாம் பேனாவைத் திறந்ததுதான்.

நீங்கள் கேட்ட பக்கத்தை எழுதுமுன் ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லணும்னு முதலில் இன்ஜினியர் வீட்டுக்குக் கிளம்பினேன். வாசலில் நின்று நான் யாரென்று சொல்லும் பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாதா, கீழ்வீட்டு அம்மா என் பையைப் பார்த்துட்டு, "இப்பதான் வர்றீங்களா?"ன்னு நேரா வாஷிங் மெஷின் முன்னால கொண்டுபோய் நிறுத்திட்டாங்க. உள்ளே கூப்பிட்டா மறுக்கக்கூடாதுங்கறது தொழில் பாடம், குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தேன். நிஜ மெக்கானிக் வந்து நிக்கவும் தப்பிச்சோம் பிழைச்சோம்னு மாடிப்படி ஏறிட்டேன். இன்ஜினியர் பார்த்த உடனே என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "யார் வந்திருக்காங்க பாரு"ன்னு உள்ளே குரல் கொடுத்தார். டீயோட வந்தது யாருங்கறீங்க? சோதனைக்கூடத்துப் பெண். "என் மனைவி"ங்கறார்.

என் ரெண்டு சாட்சியும் புருஷன் பொண்டாட்டி. கேள்வி கேட்டே பிழைச்சவன், ஒரு கேள்வி கேட்கத் துணிவில்லாம, டீயை அப்படியே வச்சுட்டு, யார் செருப்பையோ மாட்டிக்கிட்டு இறங்கிட்டேன். "விழுந்தது பாலம்தானே, நீங்க ஏன் இப்படி விழுந்து கிடக்கீங்க?"ன்னு என் வீட்டுக்காரி கேட்கிறாள். அவளுக்கென்ன, ஒரே வீட்டில் ரெண்டு பேர் சொன்னால் அது ஒரு சாட்சிதான். ஆகவே விருதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்ததில் ஓரம் கொஞ்சம் நெளிந்திருக்கும், மன்னிக்கவும்.

உங்களுக்கும், பிழை திருத்துபவருக்கும், அமைச்சரே வந்தாலும் நாற்காலியை விட்டு எழாத வாசல் காவலருக்கும் என் அன்பு. பத்திரிகை பல்லாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
இனி எழுத அருகதையற்ற
பழைய நிருபன்

பி.கு.: கவரை ஒட்டும்போது போன் வந்தது. "சார், இவர் செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டீங்க" என்றார் இன்ஜினியரின் மனைவி. செய்தி சொன்னபோதே நீங்கள் கணவன் மனைவியா என்று துணிந்து கேட்டுவிட்டேன். "அப்ப எங்களுக்கு அறிமுகமே கிடையாது சார். அப்புறம் பாலம் கேஸுல சாட்சி சொல்ல வருஷக்கணக்கா கோர்ட் வராந்தாவுல ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். வேற யாரும் எங்க பக்கத்துல உட்காரலை." இன்ஜினியரும் போனை வாங்கி அதையே சொன்னார். ஒரு கல்யாணம் எப்படி நடந்தது என்பதைக் கணவனும் மனைவியும் ஒரே மாதிரி சொல்லி என் சர்வீஸில் கேட்டதில்லை, எனவே நம்புகிறேன். என் கண் கலங்கிவிட்டது. முழுப் பக்கத்தையும் எனக்காகக் காலியாக வையுங்கள், எழுதுகிறேன். விருதைப் பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன், ஜன்னல் அடித்துக்கொள்கிறது.