அமுங்கிய பானெட் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நீங்கள் அனுப்பிவைத்த காரைத் தவிர எல்லோரும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முப்பத்தைந்து வருஷம் டிங்கர் வேலை பார்த்தவன் நான். லாரி ஏறி நசுங்கின கதவைக்கூடத் தட்டி நிமிர்த்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில், உள்ளங்கையால் அழுத்தினாலே அமுங்குகிற பானெட்டோடு ஒரு கார் நிற்கிறது, அதை வடிவமைத்ததும் என் மாப்பிள்ளைதான் என்றால் நான் பட்டறைப் பக்கம் எப்படித் தலைகாட்டுவது? போனில் கேட்டதற்கு, "அது அமுங்கணும்னுதான் மாமா அப்படிப் பண்ணியிருக்கோம். ரோட்டுல அடிபடுறவங்க தலை அது மேலதான் வந்து விழும். அதான் எஞ்சினுக்கு மேல நாலு விரல் இடம் விட்டிருக்கோம்" என்றீர்கள். அதாவது, ஓட்டுகிறவனை விட்டுவிட்டு, பராக்குப் பார்த்துக்கொண்டு குறுக்கே வருகிறவனுக்காகக் கார் செய்கிறீர்கள். இதற்குத்தானா அவ்வளவு படிப்பு?

போன செவ்வாய்க்கிழமை உங்கள் மாமியார் கார் பழகினாள். ஒரு ஆள் முன்னால் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் உறுமவும், "போதும், விடு, விடு" என்று கத்தினார். அவர் சொன்னது ஆக்சிலரேட்டரை. இவள் விட்டது கிளச்சை. கேட்டால், "விடுன்னாரு, விட்டேன்" என்கிறாள். கார் ஒரே எம்பு எம்பியது, அந்த ஆள் பானெட் மேல் கிடந்தார். அவருக்கு ஒரு கீறல் இல்லை. எழுந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, உங்கள் மாமியாரை அரைமணி நேரம் திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருந்தார். ஆனா பானெட்டைப் பாத்தா வாணலி மாதிரி குழி. மனுசன் வந்து விழுந்தா மனுசனுக்குத்தானே மாப்ள அடிபடணும், வண்டிக்கு அடிபட்டா அது என்ன வண்டி? நாளைக்குக் காலையில மொத வேலையா அந்த நாலு விரல் இடத்துல இரும்புத் தகடு வச்சுப் பத்தவைக்கப் போறேன். தடுக்கப் பாக்காதீங்க, சொல்லிட்டேன்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். கோபம் ஒருபக்கம் இருந்தாலும் உங்களுக்கும்தான்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: அந்த ஆள் நான்தான். மகளிடம் சொல்ல வேண்டாம். நேற்று மேலே எழுதியபடியே இன்று காலை தகட்டை வைத்து அளவு பார்த்தேன். என் தலை விழுந்த குழிக்கு நேர் கீழே வந்தது. விரலால் சுண்டினேன், கணீரென்றது. தகட்டைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் தட்டி எடுக்க எனக்கு மனசு வராத குழி இது ஒன்றுதான்.