உங்கள் தம்பியும் ஓடும் தோல்வாரும்

மதிப்பிற்குரிய மூத்த நாத்தனார் அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று முதல் வரி எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நான் போனை எடுத்தாலே உங்கள் தம்பி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "யாரு, அக்காவா? நான் சௌக்கியம்னு சொல்லு" என்கிறார். அவர் சௌக்கியமாக இருப்பதுதான் அக்கா இங்கே பிரச்சினையே.

போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது மாமாவின் மடக்குச் சவரக்கத்தி கிடைத்தது என்று பார்சலில் அனுப்பினீர்களே, "தம்பிக்கு அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்று சீட்டு வேறு வைத்து. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்பார்கள், உங்களைச் சொல்லவில்லை. அந்தக் கத்தியைத் தினமும் தோல்வாரில் இப்படியும் அப்படியுமாக அறுபது தடவை தீட்டினால்தான் முகத்தில் வைக்க முடியுமாம். மாமா அப்படித்தான் செய்தாராம். உங்கள் தம்பி மூன்று நாள் செய்தார். நாலாம் நாள், "முப்பது வருஷம் அச்சகத்துல ஃபோர்மேனா இருந்தவன் கையால தீட்டறதா? வார் ஓடணும், கத்தி நிக்கணும். அதுதான் முறை" என்றார். வார் ஓட மோட்டார் வேண்டுமே, அதற்கு எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? என் தையல் மெஷினுக்குத்தான்.

நான் பேக்கரிக்கு முப்பது ஏப்ரன் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அடுத்த தெரு தையல்காரிக்குப் போய்விடும், அவளுக்குப் போனால் அப்புறம் எனக்குத் திரும்பி வராது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "அரை மணி நேரம்தான்" என்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்ச் சமையலறை மேஜையில் திருகி, சப்பாத்திக் கட்டையை இரண்டாக அறுத்து இரண்டு உருளை செய்து, தன் இடுப்பு பெல்ட்டை அதில் மாட்டிப் பார்த்தார், நீளம் போதவில்லை. அன்றிலிருந்து பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறார், ஏனென்றால் அளந்து பார்ப்பதற்கு முன்பே அந்த பெல்ட்டைப் பாதியாக வெட்டிவிட்டார். அப்புறம் என் கைப்பையின் வார். கல்யாணம், கச்சேரி என்றால் மாட்டிக்கொண்டு போக எனக்கிருந்தது அந்த ஒரே தோல் பைதான் அக்கா. அதை வளையமாக்கி, இணைப்பை என்னையே தைத்துத் தரச் சொன்னார், பாவி நானும் தைத்துக் கொடுத்தேன்.

வார் ஓடியது. உங்கள் தம்பி கத்தியை வைத்தார். கத்தியின் முதுகுதான் ஓடிவரும் வாரைப் பார்த்து இருக்க வேண்டுமாம், கூர்ப்பக்கம் பின்னால் இருக்க வேண்டுமாம். இவர் கூர்ப்பக்கத்தை முன்னால் நீட்டினார். என் கைப்பை வார் வாழைப்பட்டை மாதிரி நீளவாக்கில் கிழிந்து கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. "பாத்தியா, எவ்வளவு கூர்மை!" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்தது சூட்கேஸ் வார். இந்தத் தடவை கத்தியைச் சரியாக வைத்தார், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீட்டினால் மட்டும் போதுமா, கூர்மையைச் சோதிக்க வேண்டாமா? முழங்கை ரோமத்தில் வைத்துச் சோதித்தார். இடது கை முடிந்தது, இரண்டு காலும் முடிந்தது, அப்புறம் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த என் கையை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். நான் அன்றைக்கே முழுக்கை ரவிக்கைக்கு மாறிவிட்டேன். மோட்டார் ஓடினால் மாடி வீட்டு டீச்சரம்மாவுக்கு டிவியில் கோடு கோடாக வருகிறதாம், இறங்கி வந்து சத்தம் போட்டார். "விஞ்ஞானம்னா நாலு கோடு விழத்தான் செய்யும்மா" என்று பதில் சொல்லி அனுப்புகிறார் இவர். அந்தம்மா இப்போது என்னிடம் பேசுவதில்லை, நான் என்ன பண்ணினேன்?

இன்று திங்கட்கிழமை காலை நடந்ததைச் சொல்கிறேன். தீட்டி முடித்தவர் மோட்டாரை நிறுத்தாமல், அதன் பெடல் மேல் நாற்காலிக் காலை வைத்துவிட்டு, மீசையின் ஓரத்தை ஒழுங்குபண்ணக் கண்ணாடிக்குப் போய்விட்டார். வார் இணைப்பில் அறுந்து மோட்டாருக்குள்ளே சுருட்டிக்கொண்டு, ஒரே புகை. நான் "ஐயையோ" என்று கத்தினேன். அங்கே கத்தி வழுக்கிவிட்டது. ஒரே நிமிஷத்தில் எனக்கு மோட்டார் போச்சு, அவருக்குப் பாதி மீசை போச்சு. வந்து நின்று கேட்கிறார், "நீ ஏன் கத்தின?" ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் வெட்டவெளி, அதற்கு நடுவிலிருந்து வருகிற கேள்வியைப் பாருங்கள். மோட்டார் எரிஞ்சு போச்சே, ஏப்ரன் எப்படித் தைக்கிறது என்றால், "ஒரு கையால சக்கரத்தைச் சுத்து, ஒரு கையால துணியைப் பிடி. எங்க காலத்துல எல்லாம் கையாலதான்" என்கிறார். எல்லாம் கையால்தானாம்! கத்தியை மட்டும் கையால தீட்ட மாட்டாராம்! அழுகை அழுகையாக வருகிறது அக்கா. பதினொரு ஏப்ரன் முடிந்திருக்கிறது, இன்னும் பத்தொன்பது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் சொல்லுக்குத்தான் அவர் அடங்குவார். உடனே கிளம்பி வந்து கத்தியையும் அதோடு உங்கள் தம்பியையும் பத்து நாளைக்கு அழைத்துப் போங்கள். இரண்டும் உங்கள் வீட்டிலிருந்து வந்தவைதானே.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
பொறுமை தீர்ந்த தம்பி மனைவி

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் இது நாலு நாளாக மேஜையிலேயே கிடந்தது. இன்று வெள்ளி. நீங்கள் வர வேண்டாம். திங்கட்கிழமை சாயங்காலமே மீதி மீசையையும் வழித்துவிட்டு வந்து நின்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவரை மீசையில்லாமல் நான் பார்த்ததே இல்லை. பதறி எழுந்து, "வாங்கக்கா, உக்காருங்க" என்றுவிட்டேன். அச்சு அசல் உங்கள் முகம்! வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாளாக வீட்டிலேயே இருக்கிறார். மெஷின் பக்கத்தில் உட்கார வைத்துச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னேன், சுற்றினார். முப்பதும் முடிந்து பேக்கரிக்குப் போய்விட்டது. ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நான் புதுப்பெண்ணாக வந்தபோது இதே முகம்தான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "அதை எடு, இதை வை" என்று என்னை ஏவியது. இப்போது நான் "சுத்துங்க" என்றால் சுற்றுகிறது, "நிறுத்துங்க" என்றால் நிறுத்துகிறது. இன்னொரு ஐம்பது ஏப்ரனுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். மீசை முழுதாக வளர இரண்டு மாதம் ஆகுமாம். வளரட்டும் அக்கா, மெதுவாக வளரட்டும்.