படுக்கையறையில் ஒரு ஸ்டெப்னி

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நானும் குழந்தையும் சுகம். உங்கள் தம்பி சுகமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வண்டி சுகமாக இருக்கிறது, அவருக்கு அது போதும். மலை மேல் ஆஸ்பத்திரியில் தனியாளாக அத்தனை நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் உங்கள் பேச்சில் பாதி காற்றில் போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். எப்போதோ எழுதியிருக்க வேண்டும். குழந்தை தூங்கும்போது உங்கள் தம்பி இரும்பைத் தட்டுகிறார், அவர் தட்டாதபோது குழந்தை தூங்குவதில்லை. இப்போது ஏதோ அதிசயமாக இரண்டு பேரும் தூங்குகிறார்கள். இவர்கள் எழுந்திருப்பதற்குள் எழுதி முடித்தாக வேண்டும்.

நீங்கள் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. மிக அழகு. ஆனால் போட்டோவில் குழந்தையின் கன்னத்தைப் பார்த்து ‘மூட்டை’ என்று பெயர் வைத்தவரே நீங்கள்தான். அந்தக் கன்னத்துக்கு ஏற்ற கையை மட்டும் எப்படி மறந்தீர்களோ. ஒரு கை நுழைகிறது, மறு கைக்குள் அவள் போவதற்குள் வளர்ந்துவிடுகிறாள். ‘என் மருமகள் முதல் அடியை என் வீட்டு வராந்தாவில்தான் எடுத்து வைக்க வேண்டும், அதற்குள் கூட்டிக்கொண்டு வா’ என்று எழுதியிருந்தீர்கள். அவளும் ஜன்னலைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, என் தலைமுடியைப் பிடித்து நின்றுவிட்டாள். பிடியை விடுவதுதான் பாக்கி. ஆனால், அண்ணி, மன்னிக்க வேண்டும், நாங்கள் வரவில்லை. வருவதற்கு வண்டியில் எங்களுக்கு இடமில்லை. இது கோபத்தில் எழுதுவது அல்ல. கோபப்பட்டுக் கோபப்பட்டு அது தீர்ந்துபோன பிறகு எழுதுகிறேன்.

உங்கள் தம்பி இந்த லாரிக் குட்டியை வாங்கியபோது, உங்கள் வீட்டுக்கு வரும் அந்தக் காட்டுப்பாதைக்காகத்தான் வாங்குகிறேன் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் சாமான் போட ஒரு தொட்டி, அடியில் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மாற்றுச் சக்கரம், அதாவது ஸ்டெப்னி. அது அங்கே தொங்குவது கூட எனக்குத் தெரியாது, அவ்வளவு சாதுவாக இருந்தது. அப்போதுதான் இவருடைய நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். எந்த ஊரில் மழை பெய்தாலும் அந்தச் சேறு அவர் வண்டியில் காயாமல் இருக்கும். சேற்று மாமா என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அவர் வந்தார், தரையில் படுத்தார், வண்டிக்கு அடியில் பார்த்தார், “என்னப்பா இது, ஸ்டெப்னிய அடியில தொங்கவிட்டிருக்க? முதல் பாறையிலேயே கிழிச்சிடும்” என்றார். அத்தோடு என் நிம்மதி போயிற்று. எனக்கும் அந்தப் பாறை கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது, அதன் மேல் மூட்டை உட்கார்ந்திருந்தாள். அதனால் முதலில் நானும் தலையாட்டினேன் என்பதை மறைக்கவில்லை. அந்தச் சாது ஸ்டெப்னியைச் சேற்று மாமா எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகத் தன்னிடமிருந்த ஒரு முரட்டு டயரைச் சக்கரத்தோடு கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒவ்வொரு பல்லும் மூட்டையின் காலளவு இருக்கிறது. உருட்டினால் வீட்டுக் கண்ணாடிகள் அதிர்கின்றன. அடியில் அது நுழையவே நுழையாது.

பின்தொட்டியில் போடக் கூடாதா என்று கேட்டேன். அங்கே மண்வெட்டி, இழுவைச் சங்கிலி, மணலில் மாட்டினால் சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு பலகை, தண்ணீர் கேன், டீசல் கேன், மூட்டையின் தொட்டில் எல்லாம் ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருக்கின்றன. ஆகவே தொட்டியை மூடும் பின்பலகையில் மாட்டினார். மறுநாள் சந்தை வாசலில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் கனம் தாங்காமல் பலகை தானாகத் திறந்து, மூட்டையின் டயப்பர் பை நடுச்சாலையில் விழுந்து, பின்னால் வந்த பஸ் அதன் மேல் ஏறி, தெரு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பறந்தது. போலீஸ்காரர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார். “புதுசுதானேம்மா?” என்று மட்டும் கேட்டார். பிறகு வெல்டரைப் பிடித்து வண்டியின் தலையில் ஒரு இரும்புச் சட்டம் போட்டு டயரை அதன் மேல் ஏற்றினார்கள். சட்டத்தின் கனம் டயரின் கனத்தைவிட அதிகம். டயரைச் சுமக்கச் சட்டம், சட்டத்தைச் சுமக்க வண்டி, இத்தனையையும் சுமக்க என் மனசு. வண்டி உயர்ந்துபோனதை மறந்து உள்ளே விட்டதில் ஷெட்டின் கூரைத் தகடு ஒன்று மடங்கி, இப்போது வெயிலும் மழையும் நேராக வருகின்றன. வீட்டுச் சொந்தக்காரர் வந்து அண்ணாந்து பார்த்து, விரல் விட்டுக் கணக்குப் போட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். படித்த படிப்பைச் சும்மா வைத்திருக்காமல், “தலையில இவ்வளவு கனம் வெச்சா ஈர்ப்பு மையம் மேல போயிடும், சரிவுல வண்டி கவுந்துடும்” என்று சொல்லிவிட்டேன். ஒரு வாக்கியம்தான் சொன்னேன். அன்றிலிருந்து உங்கள் தம்பி எதைப் பார்த்தாலும் நிறுக்கிறார். சுமை தூக்குவோர் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஒன்றை வாங்கி வந்து கதவு நிலையில் தொங்கவிட்டிருக்கிறார். பால் புட்டி, போர்வை, என் செருப்பு, சீப்பு எல்லாம் அதில் தொங்கி இறங்கியாயிற்று; கனத்தை எல்லாம் சாக்பீஸால் சமையலறைச் சுவரில் எழுதுகிறார். டயப்பரைக் காய்ந்தது தனி, நனைந்தது தனி என்று நிறுத்தார். “போறப்ப ஒரு வெயிட்டு, வர்றப்ப ஒரு வெயிட்டு இருக்கும்ல, கணக்குல வரணும்” என்கிறார். மூட்டையைத் துணிப் பையில் போட்டுத் தொங்கவிட்டார். அவள் கைதட்டிச் சிரித்தாள், அப்பன் பெண். அப்புறம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்து, “உன்னோடத என்னன்னு போடட்டும்?” என்று கேட்டார். இவ்வளவு நாள் குடும்பம் நடத்திய மனுஷன் கேட்கிற கேள்வியா அண்ணி இது? அவராகவே ஏதோ எழுதினார். நான் போய்ப் பார்த்தேன். இனி அந்தச் சுவரைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

தலையிலிருந்து இறக்கிய டயரைப் பின் இருக்கையில், மூட்டையின் நாற்காலிக்குப் பக்கத்தில், என் இடத்தில் உட்கார வைத்தார். என் பெல்ட்டை அதற்குப் போட்டு இழுத்துப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறதா என்று கவலைப்பட்டார். நான் முன்னால் உட்கார்ந்துகொள்ள வேண்டுமாம். “பாப்பா அழுதா?” என்றேன். “ஸ்டெப்னி பக்கத்துல இருக்குல்ல” என்றார். அதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அங்கேயே அதை உருட்டி இறக்கிவிட்டேன். ஷெட்டில் கூரை இல்லை, மழையில் ரிம் துருப்பிடிக்கும் என்று சொல்லி அவர் அதைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்து என் அலமாரிக் கதவில் சாய்த்துவிட்டார். மாற்றுத்துணி எடுக்க வேண்டுமென்றால் அதைக் கட்டிப்பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். ராத்திரி ரப்பர் வாடை. இந்த லட்சணத்தில், சேற்று மாமாவிடம் போனில் படிக்கட்டில் நின்று ஊருக்கே கேட்கிற குரலில் பேசுகிறார்: “ஆமாப்பா, ஸ்டெப்னிய வீட்டுக்குள்ளயே கொண்டு வந்துட்டேன். பெட்ரூம்லதான் வெச்சிருக்கேன். அவதான் கொஞ்சம் கத்துறா, பழகிடுவா.”

அண்ணி, ஸ்டெப்னி என்றால் ஊரில் சின்ன வீடு என்று இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது உங்கள் தம்பிக்கு ஞாபகமில்லை. மாடி வீட்டம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“எல்லாம் கேட்டுதும்மா. நீ படிச்ச பொண்ணு, எப்படிப் பொறுத்துக்கிட்டு இருக்க?”

“என்னக்கா பண்றது, வெளிய விட்டா கெட்டுப்போயிடுமாம்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. என் கஷ்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று மனசு இளகி எல்லாவற்றையும் கொட்டினேன்.

“மலைக்கு வேற கூட்டிட்டுப் போகணும்ங்கிறார்க்கா. என் இடத்தை அதுக்குக் குடுக்கணுமாம்.”

“அவங்க அக்கா வீட்டுக்கேவா?”

“ஆமா. அது இல்லாம எங்கயும் போகக் கூடாதுன்னு அவர் ஃப்ரெண்டு சொல்லிக் குடுத்திருக்கார். அவர்தான் கொண்டு வந்து விட்டவரே.”

“அட பாவி. பாக்க எப்படி இருக்கும்?”

“கறுப்பா, குண்டா, உள்ளதான் இருக்கு. வந்து பாக்கறீங்களா?”

மாடி வீட்டம்மா எழுந்த வேகத்தில் செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார். அரை மணி கழித்து அவர் வீட்டுக்காரர் வந்து உங்கள் தம்பியைத் தனியாக அழைத்துப் புத்தி சொன்னார். இவரும் அதைப் பொறுமையாகக் கேட்டு, “வெயிட்டுதான் சார் பிரச்சினை, மத்தபடி ரெண்டையும் சமாளிச்சிடலாம்” என்றிருக்கிறார். இப்போது நான் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆகையால், அண்ணி, என் முடிவு இது. அந்தப் பாதை உங்களுக்குத் தெரியாததா? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஓடை. அதில் இந்த டயரும் தராசும் என் குழந்தையும் ஒரே வண்டியில் வர நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் தம்பி உலகத்தில் கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். ‘அந்த ஸ்டெப்னியைத் தூக்கிப் போடு’ என்று கண்டிப்பாக ஒரு வரி எழுதுங்கள். அதுவரை மூட்டையை எப்படியாவது நடக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் முழங்காலை ஈரத்தில் வைக்காதீர்கள். பெரியவராக இருந்து எங்கள் மூன்று பேருக்கும் நல்ல புத்தி வர வாழ்த்துங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை நீங்களே பார்த்துப் பிரித்துக்கொடுங்கள்.

மாறாத அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: அண்ணி, கடிதத்தை ஒட்டுவதற்குள் விடிந்து எல்லாம் தலைகீழாகிவிட்டது. காலையில் உங்கள் தம்பிக்கு, வண்டியின் சொந்தச் சக்கரம் என்ன கனம் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஜாக்கி போட்டு ஒன்றைக் கழற்றி, ஸ்டெப்னியையும் உருட்டி வந்து, இரண்டையும் ஹாலில் படுக்கப் போட்டுவிட்டு, கழற்றிய ஆறு நட்டையும் ஒரு தட்டில் வைத்துவிட்டுத் தராசை எடுக்கப் போயிருக்கிறார். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் மூட்டை ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஓட்டைக்கு ஒன்றாக நட்டை வைத்திருக்கிறாள். அஞ்சு ஓட்டை, அஞ்சு நட்டு. தட்டு காலி. ஆறாவதைக் காணோம்.

எனக்கு உயிரே இல்லை. வாயில் விரலை விட்டுத் துழாவினேன், குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன், “முழுங்கிட்டா, ஆஸ்பத்திரிக்கு எடுங்க” என்று அலறினேன். உங்கள் தம்பி வண்டிச் சாவியை எடுத்து, வண்டிக்கு ஒரு சக்கரம் இல்லை என்பது ஞாபகம் வந்து, “இரு, நேத்து என்ன வெயிட்டுன்னு சுவத்துல இருக்கு” என்று குழந்தையைப் பையில் போட்டுத் தராசில் மாட்டினார். கனம் கூடியிருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பையைக் கழற்றி மறுபடி மாட்டினார், இன்னொரு தடவையும் மாட்டினார். இவ்வளவு நாளாக இந்த மனுஷன் நிறுத்தது எல்லாம் என்னைவிட அதிகமாகப் பயந்துதான் என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. அந்த நேரம் மூட்டை கைதட்டுவதற்காக, மூடியிருந்த கையைத் திறந்தாள். டங்கென்று நட்டு கீழே விழுந்தது.

இறக்கிவிட்டதும் அவள் அழவில்லை. நாங்கள்தான் அழுதோம். அவள் நட்டை எடுத்துக்கொண்டு ஸ்டெப்னியைச் சுற்றிச் சுற்றித் தடவினாள். அதற்கு ஓட்டை இல்லை. எங்களை முறைத்தாள். பிறகு பிடியை விட்டுவிட்டு, அண்ணி, பிடியை விட்டுவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று அடி வைத்து அந்தப் பக்கம் கிடந்த வண்டிச் சக்கரத்துக்குப் போய் அதன் ஓட்டையில் வைத்தாள். நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் தம்பி ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதில் ஆறு. ஸ்டெப்னியில் அஞ்சு. பின்பலகை, தலை, பின் இருக்கை, படுக்கையறை என்று நாங்கள் தாங்கித் தாங்கி வைத்த அந்த முரட்டு டயர் இந்த வண்டியில் எந்தக் காலத்திலும் மாட்டாது. சேற்று மாமாவைப் போனில் பிடித்தோம். “டயர் நல்ல டயர்தானே? ஓட்டையப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே” என்றார்.

உங்கள் தம்பி போய்ச் சுவரில் ஸ்டெப்னியின் கனத்தை அழித்தார். பிறகு, “நல்லதாப்போச்சு, ஸ்டெப்னியே வேணாம், வெயிட் சுத்தமாக் குறைஞ்சிடும். இன்னிக்கே கிளம்பலாம்” என்றார். மூட்டை நடந்துவிட்டாள், உங்கள் வராந்தாவை ஏமாற்றிவிட்டாள். உங்கள் முகத்தை நினைத்து எனக்கும் இன்றைக்கே கிளம்பத்தான் ஆசை. ஆனால் அந்தப் பாறைகளில் டயர் வெடித்தால் என்ன ஆவது? ஸ்டெப்னி இல்லாமல் என் குழந்தையை ஏற்ற எனக்கென்ன பைத்தியமா? அதனால் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள், தூக்கிப் போடச் சொல்லி ஒரு வரியும் எழுத வேண்டாம். நானே சேற்று மாமாவிடம், எங்கள் பழைய சாது ஸ்டெப்னியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, அதே ஆறு ஓட்டையில் இன்னொன்றும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வாசலில் நின்று கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன் போலிருக்கிறது: “ஒண்ணெல்லாம் போதாது, எனக்கு ரெண்டு ஸ்டெப்னி வேணும். பெட்ரூம்ல வெச்சு நான் பாத்துக்கறேன்.” செருப்பை எடுக்க வந்த மாடி வீட்டம்மா அதை எடுக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

சனிக்கிழமை வருகிறோம். உங்கள் வாசலில் அவளை இன்னொரு தடவை முதல் தடவையாக நடக்கச் சொல்கிறேன். என் பெட்டியைத் தராசில் மாட்டிப் பார்த்து வண்டியிலிருந்து நானே இறக்கிவிட்டேன், அதற்குப் பதிலாக ஏறும் இரண்டாவது டயருக்குக் கனம் சரியாக இருக்கிறது. எனக்கு உடுத்த உங்கள் துணியில் இரண்டு எடுத்து வையுங்கள்.