தேடினால் கிடைக்காத மதுமதியும் தேடித் தந்த அனந்தகிருஷ்ணனும்

"இப்படிக் கொடுங்க, நான் பார்க்கறேன்" என்று சொல்லிக்கொண்டே நம் கையிலிருப்பதை வாங்கிக்கொள்ளும் இனம் ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. கைபேசியோ, கேஸ் அடுப்போ, வாஷிங் மெஷினோ, அடுத்த வீட்டு மாப்பிள்ளையின் விசா விண்ணப்பமோ, எதுவானாலும் இவர்கள் பார்ப்பார்கள். கூலி கேட்கமாட்டார்கள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதனால்தான் இவர்களை வாசலோடு அனுப்ப முடிவதில்லை.

தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடி அனந்தகிருஷ்ணன் இந்த இனத்தின் கலப்படமற்ற வகை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். எங்கள் லிஃப்டை அவர் பார்த்த பிறகு மூன்று நாள் எல்லோரும் படியேறினோம். நான்காம் நாள் மெக்கானிக் வந்து சரிசெய்தபோது, "நான் பாதி பார்த்து வெச்சிருந்ததால அவனுக்கு ஈஸியாப் போச்சு" என்றார்.

இரண்டாம் மாடி மதுமதி பரதநாட்டிய உடைகளையும் நகைகளையும் வாடகைக்குக் கொடுப்பவர். பள்ளி ஆண்டு விழாக்கள் வரும் நவம்பர், டிசம்பர்தான் அவருக்குப் பிழைப்பு. இணையத்தில் யார் டான்ஸ் டிரெஸ் தேடினாலும் அவருடைய வலைத்தளம் முதல் பக்கத்திலேயே வரும். ரோஹிணியிலிருந்தும் நொய்டாவிலிருந்தும் அம்மாக்கள் கூப்பிடுவார்கள். போன நவம்பரில் போன் அடிக்கவே இல்லை. மதுமதி தானே தேடிப் பார்த்தார். முதல் பக்கத்தில் இல்லை, பத்தாம் பக்கத்தில் இல்லை, கடையின் பெயரை முழுசாக அடித்தாலும் இல்லை. இஸ்திரி போட்ட நாற்பது செட் உடைகள் அலமாரியில் சும்மா தொங்கின.

இதை லிஃப்டில் வைத்துச் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு.

"அச்சா, இவ்வளவுதானே? ஜல்தி லேப்டாப்பை எடுத்துண்டு வாம்மா" என்றார் அனந்தகிருஷ்ணன்.

முதல் நாள் தீர்ப்பு: படங்கள் பழசு. எல்லாவற்றையும் அழித்தார். இரண்டாம் நாள் தீர்ப்பு: கடைக்கு 'நர்த்தனா' என்ற பெயரில் ராசி இல்லை. ஓர் எழுத்தைக் கூட்டினார். மூன்றாம் நாள், எவனோ போட்டிக்காரன் ஏவல் மாதிரி என்னவோ செய்துவிட்டான் என்றார். நான்காம் நாள், தில்லியில் இந்தி இல்லாமல் எப்படி என்று கேட்டு, முழுத் தளத்தையும் இயந்திரத்தை வைத்து இந்தியாக்கி, அதைக் காலனி வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். நாட்டியத்துக்கு அணியும் கோயில் பாணி நகை, இந்தியில் 'கோயிலுக்குச் சொந்தமான நகைகள் வாடகைக்கு' என்று ஆகியிருந்தது. அந்த மாதம் மதுமதிக்கு வந்த ஒரே போன், எந்தக் கோயில் என்று அதட்டலாக விசாரித்த ஏழாம் நம்பர் பிளாக் பெரியவருடையது.

எனக்குச் சிரிப்பு வந்தது. மதுமதிக்கு வரவில்லை. பத்து வருஷமாகத் தானே கட்டி எழுப்பிய கடை. "அவ்வளவு மோசமாவா சார் வெச்சிருந்தேன்?" என்று ஒருநாள் கேட்டார்.

"மோசம்னு சொல்லலை" என்றார் அனந்தகிருஷ்ணன். "இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்' மதுமதியை இரண்டு நாள் சாப்பிடவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அனந்தகிருஷ்ணன் மனைவி பட்டுவோடு வந்து, வழக்கம்போல லேப்டாப்பை நோக்கிக் கை நீட்டினார். மதுமதி கொடுக்கவில்லை.

"இன்னைக்கு எதையும் மாத்த வேண்டாம் சார். என்ன எழுதியிருக்குன்னு படிச்சு மட்டும் பார்க்கறேன்."

தேடுபொறிக்காரர்கள் தள உரிமையாளர்களுக்கென்றே இலவசமாக ஓர் அறிக்கை தருகிறார்கள். இத்தனை நாள் யாரும் அதைத் திறக்கவில்லை. மதுமதி திறந்தார். ஒரே வரி. இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று தளமே கேட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று முறை படித்துவிட்டு, தளத்தின் செட்டிங்ஸுக்குப் போனார். 'தேடுபொறிகள் வர வேண்டாம்' என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக்.

"இதை நான் போடலையே" என்றார் மதுமதி.

காபியை ஆற்றிக்கொண்டிருந்த பட்டு நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். "அக்டோபர்ல இவ ஏதோ சந்தேகம்னு லேப்டாப்பைக் கொண்டுவந்தப்போ நீங்கதானே போட்டேள்? யாராவது காப்பி அடிச்சுடப் போறான்னு சொல்லி. நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது பாதுகாப்புக்குப் போட்டது. யாராவது காப்பி அடிச்சானா, சொல்லு."

உண்மைதான். கண்ணிலேயே படாததை எவன் காப்பியடிப்பான்?

மதுமதி டிக்கை எடுத்தார். மறுபடி பட்டியலில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தார். பழைய பெயரைத் திருப்பி வைத்து, போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். பதினோரு நாள் கழித்துத் தளம் மூன்றாம் பக்கத்தில் தலைகாட்டியது. டிசம்பர் நடுவில் துவாரகாவிலிருந்து ஒரு டான்ஸ் டீச்சர் கூப்பிட்டு, பதினெட்டு செட் வேண்டும் என்றார். போனை வைத்தபின் மதுமதி கொஞ்ச நேரம் அழுதாராம். பாதி சீசன் போனது போனதுதான்.

"புது பாஸ்வேர்ட் என்னம்மா?" என்று அனந்தகிருஷ்ணன் கேட்டபோது மட்டும், "மறந்துபோச்சு சார்" என்றார்.

ஜனவரியில் காலனி ஆண்டுக்கூட்டத்தில், காணாமல்போன வலைத்தளத்தை மீட்டது எப்படி என்று அனந்தகிருஷ்ணன் பத்து நிமிஷம் பேசினார். நல்ல கைதட்டல். மதுமதியும் தட்டினார்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நவம்பரில் போன் அடிக்கவில்லை என்று நான் சொன்ன இடத்திலேயே, 'முதல்ல அறிக்கையைத் திறந்திருக்கணும், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா...' என்று உங்கள் விரல் லேசாகத் துடித்ததா இல்லையா? துடித்திருந்தால், கையைத் தயவுசெய்து மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதோ, மெட்ரோவில் உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் தன் போனைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார். பாவம், அவருக்குக் குழந்தை குட்டி இருக்கலாம்.