தோட்டத்தைத் திறந்து வைத்தவர்

திறப்பு விழாக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார். எங்கள் பாகலூர்ப் பக்கத்தில் அவருக்குப் பெயர் கோவிந்தப்பன். கிணறு, மாவு மில், ஓசூர் பஸ்ஸின் முதல் நடை என்று எது புதிதாக வந்தாலும், சலவைச் சட்டையும் சட்டைப் பையில் கத்திரிக்கோலுமாக, யாரும் கூப்பிடுமுன் வந்து நின்று, "தொறக்காம எப்பிடி?" என்று கேட்பவர். தர்மபுரி தனி ஜில்லா ஆனபோது தன்னைக் கூப்பிடவில்லையே என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு. ஜில்லாவுக்கும் இருக்கலாம்.

எங்கள் பள்ளிக்கூட மைதானம் முள்ளும் சரளையுமாகக் கிடந்தது. பவுலினா டீச்சர் பிள்ளைகளின் தாய்மார்களைக் கூட்டி, மைதானம் முழுக்க ஒரே கோலம் போடச் சொன்னார். கோடு போன வழியே பாத்தி வெட்டுவதாக ஏற்பாடு. தமிழ் வீட்டுக் கோலமா, தெலுங்கு வீட்டுக் கோலமா, கன்னட வீட்டு ரங்கோலியா என்று நாள்கணக்கில் வாயாடி, கடைசியில் மூன்றும் கலந்து யாருக்கும் பெயர் தெரியாத ஒன்று பிறந்தது. பிள்ளைகள் உடைந்த வளையலும் ஓட்டுச் சில்லும் பொறுக்கி வந்து ஈர வரப்பில் பதித்தார்கள். செண்டுமல்லி பூத்தது. எனக்கே மறுபடி பள்ளிக்கூடம் போக ஆசை வந்துவிட்டது.

கோவிந்தப்பனுக்கு மூக்கில் வேர்த்தது. கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய அதிகாரியை அழைத்துவிட்டு, பந்தலுக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

"பந்தல எங்கீங்க போடறது? எங்க பாத்தாலும் பூவா இருக்குதுங்களே," என்றார் டீச்சர்.

"பூவுக்குத்தானம்மா விழாவே?"

"வேலிக்கு வெளிய போடலாமுங்களே."

"வெளிய நின்னுக்கிட்டு உள்ளாற இருக்கறத எப்பிடித் தொறக்கறது?"

அதிகாரி என்ற சொல்லைக் கேட்டதுமே தலைமையாசிரியர் தலையாட்டிவிட்டார்.

கோலத்தின் வளைவுக்கு வளைவு பந்தக்கால் நட்டார்கள். பாத்தி மேல் ஜமுக்காளம் விரித்தார்கள். அதிகாரிக்கு மாலை வேண்டாமா? இருக்கவே இருக்கிறது தோட்டம். அவர் ரிப்பனை வெட்டிவிட்டு, "தோட்டம் எங்கே?" என்று கேட்டார். அது அவர் கழுத்தில் இருந்தது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் வயலில் யானை இறங்கினால் தமுக்கடித்து விரட்டுவார்கள். நாங்கள் மேளமடித்து அழைத்து வந்திருந்தோம்.

பந்தலைப் பிரித்த பிறகு டீச்சர் தரையில் உட்கார்ந்து வளையல் துண்டுகளைப் பொறுக்கினார். பிள்ளைகள் அழுதார்கள். கோவிந்தப்பன், "விழா ஜோரு," என்றார்.

மறு வாரமே தாய்மார்கள் கோலப்பொடியோடு வந்து இறங்கினார்கள். கோவிந்தப்பனும் வந்தார். கை சட்டைப் பைக்குள் இருந்தது.

"என்னாம்மா, புதுசா பண்றீங்களாட்ட இருக்குது?"

முதல் புள்ளி வைத்துக்கொண்டிருந்த முனிலட்சுமி நிமிரவே இல்லை.

"புதுசு ஒண்ணுமில்லீங்கண்ணா. நீங்க தொறந்து வெச்சதுதானுங்க."

திறந்ததை எப்படித் திறப்பது? கோவிந்தப்பன் கத்திரிக்கோலோடு போய்விட்டார்.

இப்போது தோட்டம் மறுபடி பூத்திருக்கிறது. வந்து பாருங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, 'அந்த டீச்சருக்கு ஒரு பாராட்டு விழாவாவது நடத்த வேண்டாமா?' என்று உங்கள் மனத்தில் ஓடியிருந்தால், தயவுசெய்து வேலிக்கு வெளியிலேயே நில்லுங்கள். அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.