பதினேழு பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த பொங்கல்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு இன்றுவரை சரியாக வராது. வழி கேட்டு யாராவது காரை நிறுத்தினால், கேட்ட இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் "நேரா போங்க, ரெண்டாவது சிக்னல்ல லெஃப்ட்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவர்கள் கண்ணில் படாதபடி வேறு சந்து வழியாக வீட்டுக்குப் போகிறவன் நான். (அவர்களில் சிலர் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும்.) இந்தக் குணத்தால் ஒருமுறை தமிழர் பண்பாட்டில் இல்லாத ஒரு சடங்கையே உண்டாக்கினேன். உண்டாக்கியதைக்கூட மன்னிக்கலாம். அதற்குப் பிறகு செய்ததுதான் வெளியில் சொல்லக் கூசுவது.

எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வில் என் புள்ளிகளை அம்மா பார்த்தார். தாளை மடித்து பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. மறுவாரமே கிள்ளானுக்கு அருகில் இருந்த சமூகக் கல்லூரியில், ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கும் சான்றிதழ் வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டார்.

வகுப்பில் பதினெட்டுப் பேர். பதினேழு பேர் மலாய்க்காரர்கள். மிச்சம் நான்.

இதனால் எனக்கு ஒரு பதவி தானாக வந்து சேர்ந்தது. இந்தியர்கள் சம்பந்தப்பட்ட எந்தக் கேள்வியானாலும் என்னிடம்தான் வரும். தைப்பூசக் காவடியின் எடை என்ன, எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றுவது ஏன், சாப்பிட்டபின் வாழை இலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று எல்லாம் கேட்பார்கள். பாதி எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிடுவேன். அவர்கள் தலையாட்டுவதைப் பார்க்க அவ்வளவு சுகமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

அதிகம் கேட்டவன் ஹாஃபிஸ். பணிமனையில் என் ஜோடி. அளந்து பேசுவான், சட்டைப் பையில் எப்போதும் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன், அவன் அதைத் தேதி போட்டு எழுதிக்கொள்வான்.

அந்த ஆண்டு கல்லூரியில் முதன்முறையாகப் பொங்கல் விழா நடத்தப்போவதாக அறிவித்தார்கள். பிரிவுக்கு ஒரு குழு, குழுக்களுக்குள் போட்டி. மண்பானையில் பொங்கல் வைக்க வேண்டும், வேட்டி கட்ட வேண்டும், பண்பாட்டைப் பற்றி மேடையில் இரண்டு நிமிடம் விளக்க வேண்டும். எங்கள் விரிவுரையாளர் புவான் ரொஹானா அறிவிப்பைப் படித்து முடிப்பதற்குள் பதினேழு தலைகள் என் பக்கம் திரும்பின. டினாதான் தலைவன் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. (தினகரன் என்ற என் பெயர் அங்கே டினா.)

உண்மை என்னவென்றால், பால் பொங்குவதை நான் பார்த்ததே கிடையாது. எங்கள் வீடு பிளாட்டில் ஏழாவது மாடி. அம்மா விடியற்காலையில் எழுந்து கேஸ் அடுப்பில் பொங்கல் வைத்து, சாமிக்குப் படைத்து, என் தட்டையும் மூடி வைத்துவிட்டுத்தான் என்னை எழுப்புவார். பொங்கலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முந்திரிப்பருப்பு கீழே தங்கிவிடும், தோண்டி எடுக்க வேண்டும் என்பதுதான்.

முதல் ஒத்திகை பணிமனைக்குப் பின்னால், கழற்றிப்போட்ட பழைய கம்ப்ரஸர்களுக்கு நடுவில் நடந்தது. பால் பொங்கும், பொங்கியதும் "பொங்கலோ பொங்கல்" என்று கூவ வேண்டும் என்றேன். ஹாஃபிஸ் எழுதிக்கொண்டு, பேனாவைத் தூக்கியபடியே காத்திருந்தான்.

"அதுக்கப்புறம்?" என்றான் மலாயில்.

அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினேழு முகங்களிலும் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. ஆயிரக்கணக்கான வருடப் பண்பாடு இரண்டே வார்த்தையில் முடிந்துவிடுமா என்று கேட்பது போல இருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன்.

அதன்பிறகு நிலத்தை எழுப்பக் கரும்பால் தரையை மூன்று முறை தட்ட வேண்டும் என்றேன். காதைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பின்பக்கமாக நடந்தே சுற்றி வர வேண்டும் என்றேன். சுற்றும்போது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டான் ஹாஃபிஸ். ஆமாம், சொல்ல வேண்டும் என்று என் வாய் சொல்லிவிட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று அவன் கேட்டபோது, அடுப்பு சம்பந்தமாக என் தலைக்குள் இருந்த ஒரே தமிழ் வெளியே வந்தது.

"அடுப்ப அணைச்சியா, கேஸ மூடுனியா, சாவி எடுத்தியா."

தினமும் காலையில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது அம்மா என்னிடம் கேட்பது.

ஹாஃபிஸ் உடனே எழுதவில்லை. இதில் வழிபாடு ஏதும் இருக்கிறதா, இருந்தால் நாங்கள் பக்கத்தில் மரியாதையாக நிற்கிறோம், நீ மட்டும் சொல் என்றான். வழிபாடே இல்லை, விவசாயிகளின் வாழ்த்து என்றேன். (அதில் வழிபாடு இல்லை என்பது மட்டும் சத்தியமான உண்மை.) அர்த்தம் கேட்டான். சூரியன் ஒளி தரட்டும், வயல் நிறையட்டும், வீட்டில் ஒருவரும் பசியோடு படுக்காமல் இருக்கட்டும் என்று வரிக்கு வரி கொடுத்தேன். சரியாகத்தானே சொல்கிறாய் என்று மறுநாள் ஒருமுறையும் அதற்கடுத்த வாரம் ஒருமுறையும் கேட்டான். இரண்டு முறையும் தலையாட்டினேன்.

விழாவுக்கு வரப்போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற தைரியம் எனக்கு. அது ஒரு வாரம் நீடித்தது. கேக் செய்யும் பிரிவில் மங்களா அக்கா என்று ஒருவர் படித்தார். ஜெஞ்சாரோமிலிருந்து வருவார், இரண்டு பிள்ளைகளின் தாய், கல்லூரியிலேயே மூத்த மாணவி. ஒருநாள் அவர் பணிமனைப் பக்கம் நடந்து போனபோது, பதினேழு பேர் காதைப் பிடித்துக்கொண்டு கேஸை மூடினாயா என்று கோரஸாக விசாரிப்பதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். சிரிப்பை அடக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, வெளாட்டா செஞ்சிட்டீங்க போல. அதுங்க உண்மைன்னு நெனச்சி செய்யுதுங்க. இப்பவே சொல்லிருங்க லா. அன்னிக்கு எல்லார் குடும்பமும் வருது, தமிழ்ப்பள்ளி ஹெட்மாஸ்டர்தான் நீதிபதி."

சொல்லிவிடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அன்று மாலையே ஹாஃபிஸிடம் போனேன். அவன் எல்லாவற்றையும் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், தட்டச்சு செய்து பதினெட்டுப் பிரதி எடுத்து வைத்திருந்தான். மேரு என்ற ஊரில் தன் வீட்டுக்கு இரண்டு பக்கமும் இந்தியர்கள்தான், இத்தனை வருடத்தில் இதெல்லாம் தனக்குத் தெரியாமலே போய்விட்டது, நன்றி என்றான். நேரமில்லை, சடங்கைச் சுருக்கிவிடலாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். கவலைப்படாதே, புவான் ரொஹானாவிடம் பேசிக் கூடுதலாக மூன்று நிமிடம் வாங்கிவிட்டேன் என்றான்.

விழா நாளன்று திடல் நிறைய ஆட்கள். அம்மா ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பட்டுப் புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பற்றி நல்லதாக ஒரு செய்தி கேட்க அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அப்பாவின் வேட்டியை இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டியிருந்த நான், அவர் பக்கம் பார்க்காமலே விறகை ஊதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பானைதான் முதலில் பொங்கியது. பொங்கலோ பொங்கல் என்று திடலே கூவியது. அத்தோடு நின்றிருந்தால் நான் இன்று கௌரவமான மனிதன்.

பதினேழு பேரும் வரிசையில் நின்று கரும்பால் தரையைத் தட்டினார்கள். அடுத்து காதைப் பிடித்தார்கள். பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்து, நன்றாகப் பழகிய கனத்த குரலில் சொன்னார்கள்: அடுப்ப அணைச்சியா! கேஸ மூடுனியா! சாவி எடுத்தியா!

தமிழ் தெரிந்த பக்கம் முழுதும் சிரிப்பில் வெடித்தது. எங்கள் முன்னால் எரிந்தது விறகு அடுப்பு, அதற்குக் கேஸே கிடையாது. பின்னால் மதிய உணவுக் கூடாரத்தில் இருந்த ஆன்டி ஒருவர் மட்டும் என்னமோ ஏதோ என்று பதறி ஓடிப்போய் கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, மூடிவிட்டார். (அன்று கோழிக்கறி முக்கால் மணி நேரம் தாமதம்.) சனங்கள் ரசிக்கிறார்கள் என்று நினைத்த ஹாஃபிஸ் இன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டு இரண்டாவது சுற்றுக்குப் போனான்.

தலைமையாசிரியர் மைக்கோடு இறங்கி வந்தார். நல்ல மனிதர், முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார். இதன் பொருள் என்ன என்று மலாயில் கேட்டார். ஹாஃபிஸ் தாளை விரித்து, சூரியன், வயல், பசி என்று மூன்று வரிகளையும் நிதானமாக வாசித்தான். இந்த முறை சிரிப்பு அடங்க வெகுநேரமானது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அவனும் புன்னகை செய்தான். காது மட்டும் சிவந்துவிட்டது.

தலைமையாசிரியர் மைக்கை என்னிடம் நீட்டித் தமிழில் கேட்டார். "யார் தம்பி இவங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

எனக்குப் பத்தொன்பது வயது. அதை ஒரு காரணமாகச் சொல்லலாமா என்று பல வருடம் யோசித்தேன். சொல்ல முடியாது.

"நான் இல்ல சார்," என்றேன். "அவங்களா இன்டர்நெட்ல பாத்து செஞ்சாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

ஹாஃபிஸ் எனக்குப் பக்கத்தில், தோள் படும் தூரத்தில் நின்றிருந்தான். தமிழ் தெரியாது. அவர்களைப் பற்றி நான் ஏதோ நல்லதாகச் சொல்கிறேன் என்று நினைத்துக் கூட்டத்தைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினான்.

அம்மா எழுந்தார். கயிறு கட்டிய ஓரம் வரை வந்து நின்றார். மைக் தேவைப்படவில்லை, அவ்வளவு அமைதியாகிவிட்டது.

"அது நான் தெனம் லிஃப்ட்டுக்கு முன்னுக்கு நின்னு இவன்கிட்ட கேக்குறது சார்," என்றார். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல், "அந்தப் பிள்ளைங்ககிட்ட அர்த்தத்தச் சொல்லிட்டு வீட்டுக்கு வா. சொல்லாம வராத."

கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் லீவு போட்ட நாளில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் எங்கள் பொங்கல் அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது.

அவர்களைப் பணிமனைக்குப் பின்னால் கூட்டி வைத்து, பொருளைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், ஒருவன் கரும்பைத் தூக்கி எறிந்துவிட்டு நடந்தான். ஹாஃபிஸ் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தான்.

"மூணு தடவ கேட்டேன், டினா," என்றான். பிறகு, "சரி. மைக்ல எங்களுக்காகப் பேசினியே, அதாவது செஞ்ச," என்றான்.

அந்த இடத்தில் இன்னொரு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் திறக்கவில்லை. அம்மாவின் கட்டளை அர்த்தத்தைச் சொல்வதோடு முடிந்துவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் ஹாஃபிஸ் வேறொருவனோடு ஜோடி சேர்ந்து வேலை செய்தான். பிறகு தொழிற்பயிற்சிக்கு எங்கள் இருவரையும் ஒரே கடைக்கு அனுப்பினார்கள். மொட்டை மாடியில் வெயிலில் ஒரே ஏணியைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? அடுத்த பொங்கலுக்கு அம்மா பதினேழு பேரையும் வீட்டுக்கு அழைத்தார். ஆறு பேர் வந்தார்கள், ஹாஃபிஸும் வந்தான். அதன்பிறகு அவன் வராத பொங்கல் கிடையாது. ஒவ்வொரு முறையும் அம்மா அந்தக் கதையைச் சொல்லுவார். கோழிக்கறி தாமதமானது வரை வந்து நிறுத்திவிட்டுத் தட்டு எடுக்க எழுந்துவிடுவார். மைக் பகுதியைத் தொடவே மாட்டார். ஹாஃபிஸ்தான் ஒவ்வொரு முறையும், "ஆனா இவன் எங்களுக்காகப் பேசினான், ஆன்டி," என்பான். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய்விடுவேன்.

இப்படியே பன்னிரண்டு வருடம் ஓடியது. அவன் கிள்ளானில் சொந்தமாக ஏர்கண்டிஷன் கடை வைத்தான், நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கட்டடத்தில் பராமரிப்பு வேலைக்குப் போனேன். போன வருடம் ஒருநாள், பழுதான ஒரு மெஷினை ஏற்றிக்கொண்டு அவன் லோரியில் இருவரும் போகும்போது, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் அரை மணி நேரம் அசையாமல் நின்றோம். இறங்கி ஓட முடியாத இடம். சொல்லிவிட்டேன். மைக்கில் பேசிய இரண்டு வாக்கியத்தையும் மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் லா," என்றான். "மங்களா அக்கா அந்த வாரமே சொல்லிட்டாங்க."

"அப்ப எதுக்கு வருசா வருசம் பேசினான், பேசினான்னு சொன்ன?"

"நீ எப்ப சொல்லுவன்னு பாத்தேன்." முன்னால் இருந்த கார் நகர்ந்தது, கியரைப் போட்டான். "ரொம்ப ஸ்லோ டினா நீ."

போன பொங்கலன்று அம்மா வழக்கமான இடத்தில் நிறுத்தியதும், ஹாஃபிஸ் கையைத் தூக்கி, மீதியை நான் சொல்கிறேன் என்றான். என் மனைவி, அவன் மனைவி, இரு வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். சொல்லி முடித்தான், நான் பேசியதைத் தமிழிலேயே. (பன்னிரண்டு வருடம் பயிற்சி எடுத்திருப்பான் போல, உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.) அம்மா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் தட்டை அவன் முன்னால் வைத்தார்.

என் மகளுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எதையும் உடைப்பதில்லை. கிளாஸ் இன்டர்நெட்டில் பார்த்துத் தானாக விழுகிறது, சுவர் இன்டர்நெட்டில் பார்த்துத் தன்மேல் தானே கிறுக்கிக்கொள்கிறது. அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாளாம். நான் கண்டிக்க வாயைத் திறந்தால் போதும், அம்மா பக்கத்து அறையிலிருந்து மெதுவாக இருமுவார். நான் துடைப்பத்தை எடுத்து வந்து கூட்டத் தொடங்கிவிடுவேன்.